பின்தொடர்வோர் கணக்கும் பண்டாரியின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வந்த வினாடி வினாவில் ஏழாவது கேள்வி: "உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற மனிதர் யார்?" இந்த வாரம் விடை போட்டிருக்கிறீர்கள். கிறிஸ்டியானோ ரொனால்டோ. என் மகள் வயிற்றுப் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பத்துக் கேள்விகளில் ஒன்பதைச் சரியாக எழுதி, இந்த ஒன்றில் கோட்டை விட்டாள். அவள் முதலில் எழுதியதும் ரொனால்டோதான். அதை அடித்துவிட்டு சார்லி சாப்ளின் என்று எழுத வைத்தவன் நான். மூன்று நாளாக என்னோடு அவள் பேசவில்லை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தாத்தா உளறவில்லை என்று அவள் அச்சில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். எங்கள் வழக்கில் பண்டாரி என்பார்கள். 1978இல் கடலோடிகளுக்கான சி.டி.சி. சான்றிதழ் வாங்கி, 2012இல் கடைசியாக இறங்கினேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் கால் வைக்காத பெரிய துறைமுகங்கள் குறைவு. ஊர் சுற்றிப் பார்த்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பண்டாரி பார்ப்பதெல்லாம் காய்கறிக் கடையையும், கப்பலில் ஏறி இறங்கும் கேங்வே படிக்கட்டில் நிற்கும் காவலாளியையும்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த இரண்டு பேரைவிட நல்ல நீதிபதிகள் இல்லை என்பது என் கட்சி.

விடைக்குக் கீழே காரணமும் சொல்லியிருக்கிறீர்கள்: இன்ஸ்டாகிராமில் அறுபது கோடிக்கும் மேற்பட்டோர் அவரைப் பின்தொடர்கிறார்கள். எண் சரிதான். உலக மக்கள் தொகை 2022 நவம்பரிலேயே எண்ணூறு கோடியைத் தொட்டுவிட்டது. ஆக, அத்தனை கணக்குகளும் தனித்தனி ஆட்கள் என்றே வைத்துக்கொண்டாலும், பதின்மூன்று பேரில் ஒருவர். சீனாவில் இன்ஸ்டாகிராம் 2014 முதல் தடை; அங்குள்ள நூற்று நாற்பது கோடிப் பேர் இந்தத் தராசில் ஏறவே இல்லை. இணையமே எட்டாதவர்கள் இருநூற்று அறுபது கோடிப் பேர் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் சொன்னது. அவர்களும் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: என் மனைவிக்குக் கைப்பேசியில் இன்ஸ்டாகிராம் கிடையாது, ரொனால்டோவைத் தெரியும். ஆகவே அந்த அறுபது கோடி, அவரை அறிந்தவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு. அதே சமயம், பின்தொடர்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பந்துப் பைத்தியங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அளவுகோல் கோணல்.

இந்த எண்ணுக்கு இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2019 ஜனவரியில் இன்ஸ்டாகிராமிலேயே அதிக விருப்பக்குறி பெற்ற படம் எது என்று பேத்தியைக் கேளுங்கள். ஒரு கோழி முட்டை. வெள்ளைப் பின்னணியில் வெறும் முட்டை. 2022 டிசம்பரில் மெஸ்ஸி உலகக் கோப்பையோடு நிற்கும் படம் போட்ட பிறகுதான் அந்த முட்டை இரண்டாம் இடத்துக்குப் போனது. நான் வாழ்நாளில் லட்சக்கணக்கில் முட்டை உடைத்தவன். எதையும் புகழ்பெற்றது என்று நினைத்ததில்லை.

சரி, எப்படித்தான் அளப்பது? குழம்பு நன்றாக இருக்கிறதா என்று பசித்தவனைக் கேட்கக் கூடாது. அவன் கொதிக்கிற தண்ணீரையும் நன்றாக இருக்கிறது என்பான். வயிறு நிறைந்தவனைக் கூப்பிட்டு ஒரு கரண்டி ஊற்றிக் கேட்க வேண்டும். அதேபோல ஒருவர் எவ்வளவு பிரபலம் என்று அவருடைய தொழிலில் ஆர்வம் உள்ளவர்களைக் கேட்டுப் பயன் இல்லை. ஆர்வமே இல்லாதவனுக்கு அவரைத் தெரிய வேண்டும். பந்து பார்க்காதவனுக்குப் பந்தாட்டக்காரரை, படம் பார்க்காதவளுக்கு நடிகரை.

இதை நான் கற்றுக்கொண்டது 2006இல், பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்திலிருந்து சோயா ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போன பயணத்தில். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாற்பது நாள் பக்கம் ஆகும். பேசப் பொருள் தீர்ந்துபோய், மெஸ் ரூமில் ஒரு விளையாட்டு தொடங்கியது: கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர்களைச் சொல்ல வேண்டும். கேப்டன் குரோஷியாக்காரர், சீஃப் இன்ஜினியர் உக்ரைன்காரர், டெக்கில் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பையன்கள், இந்தியர் நாங்கள் நான்கு பேர்.

நான் எடுத்த எடுப்பில் சச்சின் என்றேன். மற்ற மூன்று இந்தியரும் மேசையைத் தட்டினார்கள். பிலிப்பைன்ஸ் பையன் ஒருவன், "நடிகரா?" என்றான். கேப்டன் தோளைக் குலுக்கினார். உக்ரைன்காரருக்குக் கிரிக்கெட் என்பது ஒரு பூச்சியின் பெயர். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புங்கள். நூறு கோடிப் பேர் தெய்வமாகக் கும்பிடும் ஒருவரை, ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரில் பதினாறு பேருக்குத் தெரியவில்லை. அடுத்து அவர்கள் முறை. பாக்கியாவ் என்றார்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள், அவர்கள் ஊர்க் குத்துச்சண்டைக்காரராம், எனக்குத் தெரியாது. ஷெவ்சென்கோ என்று தன் ஊர்ப் பந்தாட்டக்காரரைச் சொன்னார் சீஃப், அரைக்கப்பலுக்குத் தெரியவில்லை. கடைசியில் சீஃப்தான் சட்டம் போட்டார்: தன் நாட்டு ஆளைத் தான் சொல்லக் கூடாது. வேறு நாட்டான் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விளையாட்டு ஒரு ஒழுங்குக்கு வந்தது. பெலேயைக்கூட நாங்கள் சாண்டோஸில் விசாரித்தது செல்லாது என்று தள்ளினோம். அவர் விளையாடிப் பேரெடுத்த ஊரில் போய் பெலேயைத் தெரியுமா என்று கேட்பது, தூத்துக்குடியில் உப்பு கிடைக்குமா என்று கேட்பதுபோல.

மிஞ்சிய பெயர்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. மைக்கேல் ஜாக்சன், மைக் டைசன், மரடோனா, புரூஸ் லீ, எலிசபெத் ராணி, டயானா, புஷ், சதாம், பின் லாடன், ஹிட்லர். பிறகு ஒரு பையன் மிஸ்டர் பீன் என்றான். மெஸ் ரூம் முழுக்கச் சிரித்தது, அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த நடிகரின் பெயர் என்ன என்று கேப்டன் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. ரோவன் அட்கின்சன் என்பது நான் ஓய்வுபெற்ற பிறகு தெரிந்துகொண்டது. அப்படியானால் யார் பிரபலம், அந்த மனிதரா, அவர் மாட்டிக்கொண்ட முகமா? அன்று இரவு ஒரு மணிவரை இதே சண்டை. காலையில் நாஷ்டா தாமதமாகி நான் திட்டு வாங்கினேன்.

அந்தச் சண்டையிலிருந்துதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாம் புகழ் என்று ஒரே சொல்லில் சொல்வதில் பெயர் வேறு, முகம் வேறு, செய்த காரியம் வேறு. மூன்றும் சேர்ந்து பயணம் செய்வது அபூர்வம். புரட்சிக்காரர் சே குவேராவின் முகத்தைப் பாருங்கள். நான் போன எல்லாத் துறைமுகத்திலும் அந்தத் தொப்பியும் தாடியும் பனியனில் தொங்கும். போட்டிருப்பவனைக் கேட்டால் பாட்டுக்காரன் என்பான். அந்தப் புகைப்படம் 1960 மார்ச்சில் ஹவானாவில் எடுக்கப்பட்டது. துறைமுகத்தில் 'லா கூப்ரே' என்ற சரக்குக் கப்பல் வெடித்து இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில். கப்பல்காரன் என்பதால் எனக்கு அந்த விவரம் நெஞ்சில் நிற்கிறது; பனியன் விற்பவனுக்கு அது எதற்கு? முகம் உலகைச் சுற்றிவிட்டது, பெயர் பாதி வழியில் இறங்கிவிட்டது, காரியம் ஹவானாவிலேயே தங்கிவிட்டது.

நேர்மாறான நிலையும் உண்டு. நபிகள் நாயகத்துக்கு உருவப்படம் வைக்கும் வழக்கம் இல்லை. முகத்தை வைத்து அளந்தால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆனால் அவர் பெயரைத் தன் பிள்ளைக்கு வைக்காத ஊர் நான் போன பாதி உலகத்தில் இல்லை. திருத்தந்தை வேறு வகை. நாங்கள் பனிமய மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். 2025 ஏப்ரலில் பிரான்சிஸ் இறந்து, மே மாதம் லியோ வந்தபோது, வெள்ளை அங்கியை எல்லோரும் அடையாளம் கண்டார்கள். புதியவர் பெயர் என் மனைவிக்கு வாயில் நுழைய இரண்டு ஞாயிறு ஆனது. அங்கிக்குத் தனிப் புகழ், ஆளுக்குத் தனிப் புகழ். அமெரிக்க அதிபர்களுக்கும் இதே கதைதான். நாற்காலியிலிருந்து இறங்கிப் பத்து ஆண்டு கழித்துக் கேட்டால்தான் தெரியும். எலிசபெத் ராணியின் முகம் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பணத்தில் அச்சாகி, படிக்காதவன் பையிலும் இருந்தது. அந்த ஒரு வகையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோட்டில் இருப்பது யார் என்று பார்த்து யாரும் மீன் வாங்குவதில்லை.

இந்தியர் ஒருவர்கூட இல்லையா என்று வாசகர்கள் கேட்பார்கள். சூயஸ் கால்வாயில் போய்ப் பாருங்கள். கப்பலைக் கயிற்றால் கட்டுவதற்குப் படகுக்காரர்கள் ஏறுவார்கள், கூடவே விளக்குக்காரர் ஒருவர் வருவார்; வந்த உடனே டெக்கில் துணியை விரித்து பாப்பிரஸ் படமும் ஒட்டகப் பொம்மையும் விற்பார்கள். சிகரெட் கேட்டு நச்சரிப்பார்கள், அது தனிக் கதை. என் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "அமிதாப் பச்சன்!" என்பது. ஒருமுறையல்ல, ஒவ்வொரு முறையும். சோவியத் காலத்தில் ஒதெஸ்ஸாவில் நடுத்தர வயதுப் பெண்களுக்கு ராஜ் கபூர் தெரிந்த அளவு என் அம்மாவுக்குத் தெரியாது. 1954இல் அவர் படம் அங்கே வெளியானதாம். முப்பது ஆண்டு கழித்தும் பாட்டை முணுமுணுத்தார்கள். ஆனால் சாண்டோஸில் இந்த இரண்டு பெயரும் செல்லாக்காசு. ரஜினிகாந்த் ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: 'முத்து' 1998இல் ஜப்பானில் ஓடியது உண்மைதான், டோக்கியோவில் கூட்டம் கூடியதும் உண்மைதான். அதை நம்பி நான் யோகோஹாமாவில் ஒரு கிரேன் ஓட்டுநரிடம் கேட்டேன். மிகவும் மரியாதையாகத் தலை குனிந்து, தெரியாது என்றார். ஒரு நகரத்தின் ஒரு கூட்டத்துக்குத் தெரிந்ததை நாம் ஒரு நாட்டுக்குத் தெரிந்ததாக எழுதிவிடுகிறோம். இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு இருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.

பெயரைச் சொல்லிக் கேட்பதிலும் சிக்கல். சீனத் துறைமுகமான தாலியானில் ஒரு காய்கறிக்காரம்மாளிடம் மைக்கேல் ஜாக்சன் என்று நான்கு விதமாக உச்சரித்துப் பார்த்தேன். விழித்தார். அவர்கள் மொழியில் அந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். பிறகு முட்டைக்கோசைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைச் சாய்ப்பதுபோலக் காட்டி, ஈரத் தரையில் பின்பக்கமாக வழுக்கி நடந்தேன். எனக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கடைத்தெருவே கைதட்டியது. அம்மாள் பெயரையும் சொன்னார். நான் எதிர்பார்த்த ஒலி இல்லை, ஆனால் அவர்தான். 2009 ஜூன் 25இல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியபோது, ஒரே நேரத்தில் வந்து குவிந்த தேடல்களைப் பார்த்து, யாரோ தாக்குதல் நடத்துகிறார்கள் என்று கூகுள் நினைத்துவிட்டதாம். அதைப் படித்தபோது எனக்கு தாலியான் அம்மாள்தான் நினைவுக்கு வந்தார். அவர் கூகுளில் தேடியிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து என் சோதனை இதுதான்: பெயர் சொல்லாமல், படம் காட்டாமல், உடம்பால் மட்டும் காட்ட வேண்டும். எதிரே நிற்பவர் அந்த ஆளைச் சொல்லிவிட்டு, அவர் என்ன செய்தவர் என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதில் தேறியவர்கள் மிகச் சிலர். புரூஸ் லீ தேறினார். கட்டைவிரலால் மூக்கைத் தட்டி ஒரு கூச்சல் போட்டால் போதும். போஸ்னியாவின் மோஸ்தார் நகரில், போரில் வெட்டிக்கொண்ட இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு சிலை வைக்க ஆள் தேடி, 2005இல் புரூஸ் லீக்குத்தான் வைத்தார்கள். இரு தரப்பும் சண்டை போடாத ஒரே ஆள் சண்டைக்காரர்!

எல்லோரையும்விட நன்றாகத் தேறியவர் சாப்ளின். கால் பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி நான்கு அடி நடந்து, இல்லாத பிரம்பைச் சுழற்றினால், எந்த ஊரிலும் முகம் மலர்ந்தது. அவர் திரையில் வந்தது 1914இல். பேசாத படம், மொழி குறுக்கே வரவில்லை. சாப்ளின் இறந்து முப்பது ஆண்டு கழித்தும், அவர் படம் எதையும் முழுதாகப் பார்க்காத பையன்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். விளம்பரம் இல்லை, கணக்கை நடத்த ஆள் இல்லை, மாதம் ஒரு படம் போடுவதில்லை. இதைத்தான் நான் பேத்திக்குச் சொன்னேன்.

ஒரே ஒரு இடத்தில் அடி வாங்கினேன். போலந்தின் கிதான்ஸ்க் துறைமுகத்தில், கேங்வேயில் நின்ற வயதான காவலாளியிடம், நடையைக் காட்டாமல், மூக்குக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்துக் காட்டினேன். அவர் முகம் கல்லாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய இடங்களில் ஒன்றான வெஸ்டர்பிளாட்டே அந்தத் துறைமுக வாயிலில்தான் இருக்கிறது. எங்கள் கப்பல் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தது. அவர் நினைத்தது ஹிட்லரை. அவசரமாக நடந்து காட்டிய பிறகுதான் சிரித்தார். ஒரே மீசை, பிறந்ததும் ஒரே வாரம், 1889 ஏப்ரலில் சாப்ளின் 16ஆம் தேதி, ஹிட்லர் 20ஆம் தேதி. இங்கேதான் தங்கள் கேள்வியில் உள்ள 'புகழ்' என்ற சொல் இடறுகிறது. உலகமே அறிந்தவர் என்று கேட்டால் ஹிட்லரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். புகழ்பெற்றவர் என்று கேட்டால் எந்தத் தமிழனுக்கும் அந்தப் பெயரை எழுதக் கை வராது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தை முடித்த கையோடு புகழை வைத்தார். கொடுக்காதவனுக்கு அவர் கணக்கில் புகழே இல்லை. ஆங்கிலத்திலிருந்து எடுத்த கேள்வியைத் தமிழில் போடும்போது 'மிக அதிகமானோர் அறிந்தவர்' என்று போட்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போயிருந்த காந்தியை, கிழக்கு லண்டனில் கப்பல் துறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் சாப்ளின் சந்தித்தார். தெரு கொள்ளாத கூட்டம். ஆனால் சந்திப்புக்கு முன்பு, சாப்ளின் என்பவர் யார் என்று மற்றவர்கள் காந்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. வெளியே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த முகம், உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை. பிறகு இருவரும் இயந்திரங்களைப் பற்றிப் பேசினார்கள்.

உயிரோடு இருப்பவர்களில் யார் என்று கேட்டால் ரொனால்டோவைச் சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. டிரம்பும் பக்கத்திலேயே நிற்பார், அவரை நாற்காலி இல்லாமல் நிறுத்தி அளந்தால் என்ன ஆகும் என்பது அப்புறம். என் வேண்டுகோள் இரண்டே. இனி இப்படிப்பட்ட கேள்வி போடும்போது 'இன்ஸ்டாகிராமில் அதிகம் பேர் பின்தொடரும் மனிதர் யார்' என்று போடுங்கள். அதற்கு ஒரே விடைதான், தாத்தாக்கள் குறுக்கே வர முடியாது. அல்லது அளவுகோலைக் கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

கடிதத்தை முடிப்பதற்கு முன் பேத்தி சமாதானத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் நேரில் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். நேற்று மாலை அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு எண்பது வயது இருக்கும். படகைத் தவிர வேறு வாகனத்தில் அதிகம் போகாதவர். அவர் முன்னால் பாதத்தைத் திருப்பி, பிரம்பைச் சுழற்றி, முழு நடையும் நடந்து காட்டினேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார்.

"இது தெரியாதா எனக்கு? நம் ஊர் சந்திரபாபு!"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பண்டாரி ஒருவர்,
தூத்துக்குடி.